டோக்கன் நம்பர்

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் பார்த்தவர். டைம் ஆபீஸ் சுவரில் நீளமாக ஒரு பலகை இருக்கும். வரிசையாக ஆணி, ஆணிக்கொரு பித்தளை டோக்கன். ஷிப்டுக்கு உள்ளே போகிறவர் தன் டோக்கனை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். பலகையிலேயே தொங்கினால் ஆள் வரவில்லை. சம்பளம், பி.எஃப்., லீவு எல்லாம் அந்த நம்பர் மேல்தான். அப்பா ஓய்வு பெற்ற அன்று டைம் கீப்பர் அவருடைய டோக்கனைக் கழற்றி மேசைக்குள் ஒரு டப்பாவில் போட்டார். “செட்டில்மென்ட் முடியுற வரைக்கும் இந்த நம்பர் யாருக்கும் போகாது” என்றார்.

அந்த டப்பா போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் வைத்து நினைவுக்கு வந்தது. கணக்குப் பிரிவு மேலாளர் போன் பண்ணியிருந்தார். “அண்ணாச்சி, இந்தப் பிள்ள வேலைக்குச் சேந்து மூணு நாள்தான் ஆகுது. மூணு வருசத்துக்கு முந்தின சம்பளப் பட்டியல் எல்லாம் இது பேர்ல இருக்கு. என்னன்னு வந்து பாருங்க.” அந்தப் பெண் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். தான் எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டதாகவே அவளுக்கு நினைப்பு.

அவள் ஒன்றும் செய்யவில்லை. அங்கே இருப்பது லினக்ஸ் சர்வர். லினக்ஸுக்கு நம் பெயர் முக்கியமில்லை, எண்தான் ஆள். மனிதர்களுக்கான கணக்குகள் வழக்கமாக 1000-இல் தொடங்கும். புதிதாக ஒருவரைச் சேர்த்தால், இருப்பதிலேயே பெரிய எண்ணுக்கு அடுத்த எண் விழும். கடைசியாகச் சேர்ந்திருந்த குமாஸ்தா 1013. அவர் வேலையை விட்டுப் போனதும் யாரோ கணக்கை அழித்திருக்கிறார்கள். பொதுக் கோப்புறையில் அவர் வைத்த கோப்புகள் 1013 என்ற முத்திரையோடு அப்படியே கிடந்தன. இந்தப் பெண்ணைச் சேர்த்தபோது அதே 1013 இவளுக்கு விழுந்தது. பழைய ஆளின் கோப்புகள் ஒரே நொடியில் இவளுடையவை ஆகிவிட்டன. டோக்கனை டப்பாவில் போடாமல் ஆணியிலேயே விட்டு, மறுநாள் வந்தவர் கையில் கொடுத்த கதைதான்.

கருப்புத் திரையைத் திறந்து பயனர் பட்டியலை எடுத்தேன். ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளியால் பிரித்த ஏழு பத்திகள்: நுழைவுப் பெயர், கடவுச்சொல் இருந்த இடம் (இப்போது அது வேறொரு மறைகோப்பில்), எண், குழு எண், குறிப்பு, வீட்டு அடைவு, கடைசியில் ஷெல். ஐந்தாவதான குறிப்புப் பத்திதான் எனக்குப் பிடித்தது. முழுப்பெயர், அறை, தொலைபேசி என்று மனிதரைப் பற்றிய சேதி அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சேதியைப் படித்துச் சொல்லவே பிறந்த பழைய கருவி ஒன்று உண்டு. 1971-இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் லெஸ் எர்னஸ்ட் எழுதினார். உள்ளே யார் வேலை செய்கிறார்கள் என்ற பட்டியலில் அப்போது சுருக்கப் பெயரும் முனைய எண்ணும்தான் வரும். தேடும் ஆளைக் கண்டுபிடிக்க எல்லோரும் திரையில் விரலை ஓட்டிப் பார்ப்பதைக் கவனித்து, கருவிக்கு ‘ஃபிங்கர்’ என்றே பெயர் வைத்தார். நம் ஊரில் ரேஷன் கடைப் பலகையில் விரல் வைத்துப் பார்ப்போமே, அதே செயல். பின்னால் அது வலையில் இருக்கும் யாருக்கும் பதில் சொல்லத் தொடங்கியது. 1988 நவம்பர் 2-ஆம் தேதி வலையில் தானாகப் பரவிய மோரிஸ் புழு என்ற நிரல் நுழைந்த வழிகளில் ஒன்று அந்தச் சேவையில் இருந்த ஓட்டை. வருகிற கேள்வியின் நீளத்தை அந்தச் சேவை அளக்காமல் வாங்கிக்கொண்டது. பிறகு அந்தக் கதவை ஊரெல்லாம் சாத்தினார்கள். சாத்தியது சரி. ஆனால் உள்ளே இருக்கிற பட்டியலை நாமே வாசிக்கும் பழக்கமும் அதோடு போயிருக்க வேண்டியதில்லை.

இன்றைய கருவிகள் மில் மாதிரி. புளோரூமில் பஞ்சு பிரியும், கார்டிங்கில் சீராகும், டிராயிங், சிம்ப்ளக்ஸ் தாண்டி ஸ்பின்னிங்கில் நூலாகும்; ஒரு துறை இன்னொன்றின் வேலையில் தலையிடாது. ‘கெட்என்ட்’ பட்டியலை எடுத்துத் தரும். உள்ளூர்க் கோப்பிலிருந்து மட்டும் வேண்டும் என்றாலும் கேட்கலாம். ‘ஐடி’ குழுக்களைச் சொல்லும். ‘லாஸ்ட்’ யார் எப்போது வந்து போனார்கள் என்று சொல்லும். ‘சேஜ்’ கடவுச்சொல்லின் வயதைச் சொல்லும். 2014-இல் வந்த ‘எல்எஸ்லாகின்ஸ்’ இவற்றில் பெரும்பகுதியைச் சேர்த்து ஒரே அட்டவணையாக விரிக்கும். எந்தப் பத்தி வேண்டும் என்று நாமே பொறுக்கலாம். ஆனால் ஆள் போன பிறகு மிஞ்சும் கோப்புகளை இவை எதுவும் காட்டாது. உரிமையாளர் பெயர் இல்லாத கோப்பு எங்கே கிடக்கிறது என்று ‘ஃபைண்ட்’ கட்டளையைத் தனியாகக் கேட்க வேண்டும். ஒரே கருவி எல்லாம் சொல்லும் என்று நம்புவதைவிட, கருவிகளைக் கோத்துக் கேட்கவே எனக்கு விருப்பம்.

அன்று அந்தச் சர்வரில் எடுத்த அட்டவணையில் 14 மனிதர்கள். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் 6 பேர். மீதி 8 வரியையும் மேலாளரிடம் ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒருவர் மதுரைக்கு மாற்றலாகிப் போனவர். இருவர் பயிற்சிக்கு வந்த மாணவர்கள்; ஒருமுறைகூட உள்ளே நுழைந்ததில்லை. இன்னொரு பெயரை வாசித்ததும் அவர் பேசவில்லை. பிறகு, “கணக்கர் ஐயா. போன ஆவணியில தவறிட்டார்” என்றார். ஐந்தாம் பத்தியில் அவருடைய அறை எண் இன்னும் இருந்தது. அவருடைய கணக்கும் திறந்தே இருந்தது.

எதையும் அழிக்கவில்லை. கடவுச்சொல்லை மட்டும் பூட்டினால் போதாது, சாவிக்கோப்பு வைத்திருப்பவர் அப்போதும் நுழையலாம். அதனால் 8 கணக்குகளுக்கும் காலாவதித் தேதியும் போட்டேன். அந்தப் பெண்ணுக்கு 1014 என்று புது எண். 1013-ஐப் பழைய குமாஸ்தாவின் பெயரிலேயே பூட்டி வைத்தேன். அவர் கோப்புகள் மறுபடி அவர் பெயரைக் காட்டின.

எழுந்தபோது அந்தப் பெண், “அந்த அஞ்சாவது பத்தியில தமிழ்ல எழுதலாமா சார்?” என்று கேட்டாள். எழுதலாம் என்றேன். தன் பெயரையும், பின்னால் ஒரு இடைவெளி விட்டு ‘கணக்குப் பிரிவு’ என்றும் அவளே தட்டச்சு செய்தாள்.