குஷன் போனா மாஸ்க்கையே மாத்தணுமாம்!

குக்கர்ல காஸ்கெட் போச்சுன்னா காஸ்கெட் மட்டும் வாங்குறோம். தெருமுனை பாத்திரக்கடையிலேயே கிடைக்குது. யாரும் "புது குக்கரே எடுத்துக்கோங்க சார்"னு சொல்றதில்லை. ஆனா ஸ்லீப் ஆப்னியாவுக்காக ராத்திரி மூஞ்சில மாட்டிக்கிட்டுப் படுக்கிற சீபாப் மாஸ்க்ல குஷன் போனா மட்டும் முழு மாஸ்க்கையும் மாத்தணுமாம்! எனக்கு வித்த டீலர்கிட்ட, குஷனுக்குத் தனி நம்பரே கேட்லாக்ல இருக்கேன்னு காட்டினேன். "அதெல்லாம் ஃபாரின்ல சார்"னு முடிச்சுட்டார். நல்லா இருங்கப்பா.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை திரும்பத் திரும்ப அடைபடுறதுதான் இந்த வியாதி. மெஷின் காத்தை அழுத்தத்தோட அனுப்பி அந்தப் பாதையைத் திறந்தே வச்சிருக்கும். 1981-ல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் இந்த முறையை வெளியிட்டார். அந்த ஆரம்ப காலத்துல மாஸ்க்கை ராத்திரிக்கு ராத்திரி மூக்கோட பசை போட்டு ஒட்டணுமாம். அதை நினைச்சா நம்ம பாடு தேவலை :-)

இப்ப இருக்கிற பெரும்பாலான மாஸ்க்ல முகத்தைத் தொடுற பாகம் மெல்லிசான சிலிகான் சவ்வு. காத்து உள்ளே போய் அது லேசா உப்பி, முகத்தோட ஒட்டி உட்காரணும். வேர்வையும் முகத்து எண்ணெயும் பட்டுப் பட்டு சில மாசத்துல அதோட துவளும் தன்மை போயிடும். ஓரமா காத்து கசியும். உடனே எல்லாரும் செய்றது, பட்டையை இன்னும் ஒரு இழுப்பு இழுக்கிறது. சவ்வு நசுங்கி உப்ப முடியாமப் போக, கசிவு இன்னும் கூடும். மூக்குத்தண்டுல புண்ணு, கண்ணுல காத்து.

எங்க சித்தப்பா கதை இதுதான். புண்ணு தாங்காம மெஷினை பீரோ மேல ஏத்திட்டார். பழையபடி குறட்டை, நடுராத்திரி மூச்சுத்திணறி எழுந்து உட்கார்றது, பகல்ல ஸ்கூட்டர் ஓட்டும்போதே கண்ணு சொக்குறது. வைத்தியத்துல ஒரு குறையும் இல்லை, தேஞ்சு போன ஒரு ரப்பர் துண்டுக்காக மனுஷன் வைத்தியத்தையே விட்டுட்டார். தனியா குஷன் கிடைச்சிருந்தா விட்டிருப்பாரா?

அமெரிக்காவுல வேற கூத்து. அங்க மெடிகேர் இன்ஷூரன்ஸ் கணக்குப்படி மூக்கு மாஸ்க் குஷன் மாசம் 2, வாயும் மூக்கும் மூடுறதுக்கு மாசம் 1, டியூப் 3 மாசத்துக்கு ஒண்ணு, தலைப்பட்டை 6 மாசத்துக்கு ஒண்ணு. இது காசு கொடுக்கிறவன் வச்ச உச்சவரம்பு. பாகத்தோட ஆயுள்னு இதை எடுத்துக்க வேண்டியதில்லை. கைக்காசு போடுற நாம காலண்டரைப் பார்க்காம கசிவைப் பார்த்தா போதும்ங்கிறது என் கட்சி. நிறைய மெஷின் காலையில கசிவைக் காட்டுது. ரெஸ்மெட் மெஷின்ல நிமிஷத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினா அதிகம்னு கணக்கு. கழுவி மாட்டியும் குறையலைன்னா குஷனுக்கு நாள் நெருங்கிடுச்சு. தினமும் மைல்டான சோப்புத் தண்ணி போதும், ஸ்பிரிட்டும் ப்ளீச்சும் வேண்டாம், வெயில்லயும் காயப்போடாதீங்க.

நம்மாளுங்க ஒட்டுவேலையில கில்லாடிங்க. தலைப்பட்டையில வெல்க்ரோ பிடிக்கலையா, டெய்லர்கிட்ட கொடுத்துத் தச்சுக்கலாம், தப்பே இல்லை. ஆனா கிழிஞ்ச சிலிகானை ஃபெவிகுவிக் போட்டு ஒட்டாதீங்க, ராத்திரி முழுக்க அது மூக்குக்குப் பக்கத்துல இருக்கப் போகுது. மாஸ்க் முன்னாடி இருக்கிற குட்டிக் குட்டி ஓட்டைகளை 'உஸ்'ஸுங்குதுன்னு டேப் போட்டு மூடவே கூடாது. அது லீக் இல்லை சாமி. நாம விடுற மூச்சு வெளியே போற வழியே அதுதான். அடைச்சா விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுப்போம்.

அதனால புதுசா மாஸ்க் வாங்குறவங்க விலையைக் கேட்குறதுக்கு முன்னாடி "இதுக்கு குஷன் தனியா தருவீங்களா?"ன்னு கேளுங்க. இல்லைன்னா அடுத்த கடை. பத்துப் பேர் இப்படி எழுந்து போனா அண்ணாச்சி தானா ஸ்டாக் வைப்பார்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, மெஷினோட தூங்குற ஆசாமி. மாடலை மாத்துறவங்க ஒண்ணு கவனிங்க. சில மாஸ்க்ல பட்டை கிளிப் காந்தம். பேஸ்மேக்கர் வச்சவங்களுக்கு அது ஆகாதுன்னு 2022-ல் பிலிப்ஸ் தன்னோட காந்த மாஸ்க்குகளுக்கு எச்சரிக்கை விட்டுச்சு. பக்கத்துல படுக்கிறவங்களுக்கும் இது பொருந்தும்.