முதலாளி உங்கள் பெயரைத் தேடுகிறார், நீங்கள் தேடிப் பார்த்தீர்களா?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயும் மகனும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். தாய் துப்புரவுப் பணியாளர். மகன் டிப்ளோமா முடித்தவன். ஒரு தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வு நன்றாகவே போயிருக்கிறது. கடைசியில் அதிகாரி தம் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாராம். மூன்றாம் படிவத்தில் படித்தபோது ஒரு சவ ஊர்வலத்தில் நண்பர்களோடு விரல்களால் ஓர் எண்ணைக் காட்டி எடுத்துக்கொண்ட படம். வேலை கிடைக்கவில்லை.

"வழக்குப் போடலாமா சார்?" என்று தாய் கேட்டார். என்னிடம் நல்ல பதில் இல்லை.

கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் அரசியலமைப்பு உரிமைகள் அரசை எதிர்த்துக் கேட்பவையே, தனியார் முதலாளியை எதிர்த்து அல்ல என்பது 2005இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. 2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தில் 69எஃப் பிரிவு அமலுக்கு வந்தது. பாகுபாட்டுப் புகாரைத் தொழிலாளர் இலாகா விசாரிக்கலாம். ஆனால் அதன் வாசகம் தொழிலாளிக்கும் அவருடைய முதலாளிக்கும் இடையிலான தகராறைப் பற்றியது. வேலை கேட்டு வாசலில் நிற்பவன் எங்கே போவான்?

குடித்துவிட்டுப் படம் போடும் பிள்ளைகள் எல்லா இனத்திலும் உண்டு. மற்றவர் செய்தால் வயசுக் கோளாறு, நம் பிள்ளை செய்தால் குண்டர் கும்பல்! இது அநியாயம். இந்த அநியாயம் மாறும்வரை நம் பிள்ளை பட்டினி கிடக்க முடியாது. ஆகவே இன்றே செய்ய வேண்டியவை:

1. அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரை இணையத்தில் தேடுங்கள். ஏ/எல், ஏ/பி சேர்த்தும் சேர்க்காமலும் பாருங்கள். பள்ளிக் காலப் பழைய கணக்குகளையும் மறக்காதீர்கள்.

2. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு வெளியிட்ட 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலில் 04, 08, 36 ஆகியவை இருந்தன. விளையாட்டுக்குக்கூட அந்த எண்கள் உங்கள் படத்தில் வேண்டாம். நண்பன் போட்ட படமானால் அவனிடம் சொல்லி நீக்கச் சொல்லுங்கள்.

3. உங்கள் கணக்கை இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள். 2012இல் ஆதாரச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவின்படி, உங்கள் பெயரிலோ படத்திலோ வந்ததை நீங்களே வெளியிட்டதாகச் சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. போலிக் கணக்கைக் கண்டால் முதலில் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு போலீஸ் புகார் செய்யுங்கள்.

4. நேர்முகத் தேர்வில் பழைய படத்தைக் காட்டிக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "அது சிறு வயதில் நடந்தது, இப்போது என் பொறுப்பு வேறு" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். கடவுச்சொல்லைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பயந்துபோன சில பெற்றோர் "எல்லாவற்றையும் அழித்துவிடு" என்கிறார்கள். வேண்டாம்! தமிழ்ப்பள்ளிக் கூட்டுப்பணி, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், தொழிற்சங்கக் கூட்டம், அமைதியான பேரணி ஆகியவை அழுக்கல்ல. பேச்சுரிமையையும் அமைதியாகக் கூடும் உரிமையையும் குடிமக்களுக்கு 10ஆவது பிரிவு தந்திருக்கிறது. எல்லாரும் வாயை மூடிக்கொண்டால் வேலை தேடுபவரையும் சட்டம் காக்க வேண்டும் என்று கேட்க ஆள் இருக்காது.

அந்தப் பையன் இன்று வேறு இடத்தில் வேலை செய்கிறான். பழைய படத்தை நீக்கிவிட்டான். தன் தமிழ்ப்பள்ளிக்குச் சாயம் பூசிய படத்தை மட்டும் வைத்திருக்கிறான். அதைப் பார்த்துத்தான் புதிய மேலாளர் அவனைக் கூப்பிட்டாராம்.

இன்றிரவே பிள்ளைகளோடு உட்காருங்கள். திட்டுவதற்காக அல்ல, சேர்ந்து தேடிப் பார்ப்பதற்காக.