தோற்கிற அணியை ஏன் விடவில்லை?

2024 ஆகஸ்டு 24-ஆம் நாள் இரவு. கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில் மின்மினி பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் மனம் குளிர்ந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாமோ ஒட்டுக்கடைத் தொலைக்காட்சியின் முன்னால், தேத்தண்ணீர் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். புக்கிட் ஜாலில் அரங்கில் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம். ஜொகூர் டாருல் தாக்சிம் ஆறு கோல். நம் சிலாங்கூர் ஒரே ஒரு கோல்.

ஆட்டம் முடிந்ததும் ஓர் இளைஞர் கேட்டார்: "அண்ணே, இன்னும் எதற்கு இந்த அணி? ஜொகூர்ச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமே?" பக்கத்தில் இருந்த பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயை மூடு தம்பி. நம் ஊர் அணி. தோற்றாலும் ஜெயித்தாலும் குறை பேசக் கூடாது" என்றார்.

தோழர்களே, இருவர் சொன்னதையும் நாம் ஏற்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் தம்பிக்குச் சொல்லுகிறோம். சிலாங்கூர் இன்று நேற்று முளைத்த அணியன்று. எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பல் வழங்கிய மலாயாக் கிண்ணத்துக்கு 1921-இல் முதன்முதலாகப் போட்டி நடந்தபோது, இறுதியாட்டத்தில் நின்ற இரண்டு அணிகளில் ஒன்று சிலாங்கூர். அன்று சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்றது. ஆம், நம் அணியின் கதையே ஒரு தோல்வியில்தான் தொடங்குகிறது! ஆனால் மறு ஆண்டே, 1922-இல், அந்தக் கிண்ணத்தைக் கொண்டுவந்துவிட்டது. 1967-இல் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறிய அதே கிண்ணத்தை 2015 வரை 33 முறை வென்றிருக்கிறது. 1970-களில் மட்டும் ஏழு முறை!

அந்தக் காலத்து ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சொன்னால் இன்றும் நம் வீட்டுப் பெரியவர்களின் முகம் மலரும். கோல் அடிக்க மொக்தார் டஹாரி. அரணாக நிற்கச் சந்தோக் சிங். கோல் வாயிலில் 'சிலந்தி மனிதர்' என்று நாடே கொண்டாடிய ஆர். ஆறுமுகம். ஒரு மலாய்க்காரர், ஒரு பஞ்சாபியர், ஒரு தமிழர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசிய அணியிலும் சிலாங்கூர்க்காரர்கள் முன்னின்றார்கள். நாடு புறக்கணித்ததால் அந்த ஒலிம்பிக்குக்கு அவர்கள் போகவில்லை என்பது வேறு கதை.

இந்த அணிக்குப் பஞ்ச காலமும் புதிதல்ல. 1986-இல் கிண்ணத்தை வென்ற பிறகு அடுத்ததற்கு 1995 வரை காத்திருந்தோம். 2005-க்குப் பிறகு 2015 வரை காத்திருந்தோம். அந்த 2005-இல் நம் அணி இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது என்பதை மறக்க வேண்டாம். அங்கிருந்தே லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் ஒரே ஆண்டில் அள்ளியது. 2009, 2010 இரண்டு ஆண்டுகளும் கே. தேவன் பயிற்சியில் சூப்பர் லீக் வாகை சூடியது. ஆகவே, தாழ்ந்தவன் எழமாட்டான் என்று எண்ணிச் சட்டையை மாற்றிக்கொள்வது அவசரப் புத்தி. வெற்றிக்காக மட்டும் ஓர் அணியைப் பிடித்தவன், அது தோற்கும் நாளில் மீண்டும் சட்டையை மாற்ற வேண்டியிருக்கும். எத்தனை சட்டைதான் வாங்குவது?

இனிப் பெரியவருக்கு. ஐயா, பாசம் வேண்டியதுதான். வாயை மூடுவது மட்டும் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 2016-இல் மலேசியக் கிண்ண இறுதியில் கெடாவிடம் பினால்டியில் தோல்வி. 2018-இல் எஃப்.ஏ. கிண்ண இறுதியில் பகாங்கிடம் தோல்வி. 2022-இல் மலேசியக் கிண்ண இறுதியில் ஜொகூரிடம் தோல்வி. 2024-இல் அந்த ஆறு கோல். 2014 தொடங்கி 2024-25 பருவம் முடிய ஒவ்வோர் ஆண்டும் சூப்பர் லீக் ஜொகூருக்கே போயிற்று. 2025-இல் நமக்குச் சவால் கிண்ணம் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அது மலேசியக் கிண்ணத்தில் முதற் சுற்றிலேயே வெளியேறிய அணிகளுக்கென்று வைத்த கிண்ணம். 33 முறை பெரிய கிண்ணத்தைத் தூக்கிய கைக்கு அது போதுமா?

ஜொகூரிடம் பணம் இருக்கிறது என்பார்கள். உண்மை. பணம் மட்டுமே காரணம் என்றால் அது பாதி உண்மை. அங்கே ஒரே திட்டத்தைப் பல ஆண்டு பிடித்து நின்றார்கள். 2020-இல் புதிய அரங்கமும் எழுப்பினார்கள். அதே 2020-இல் நம் ஷா ஆலம் அரங்கம் பழுதாகி மூடப்பட்டது, பிறகு இடிக்கப்பட்டது. 80,000 பேர் அமர்ந்த இடத்தை இழந்து பெட்டாலிங் ஜெயாவின் சிறிய திடலுக்குப் போனோம். பயிற்சியாளர்களைப் பாருங்கள்: பி. சத்தியநாதன், கார்ஸ்டன் நைட்சல், தான் செங் ஹோ, நிட்ஸாம் ஜாமில், கினோஷி. 2020-க்கும் 2025-க்கும் இடையில் இத்தனை பேர். நடுவில் தற்காலிகமாக நின்றவர்கள் வேறு.

மரம் வெட்டுகிற நமக்கு இதைப் பிறர் விளக்க வேண்டியதில்லை. ஒரே நிரையை ஆளுக்கு ஆள் மாற்றி வெட்டவிட்டால் என்ன ஆகும்? ஒருவன் ஆழமாக வெட்டுவான். ஒருவன் சரிவை மாற்றுவான். பட்டையெல்லாம் காயமாகும், பால் நின்றுபோகும். பிறகு மரத்தைக் குறை சொல்லிப் பயனென்ன? அந்தக் காயம் ஆறிப் புதுப்பட்டை வர ஆண்டுகள் பிடிக்கும். கன்று நட்டாலோ ஆறேழு ஆண்டு கழித்துத்தான் கத்தி வைக்க முடியும். அணியும் அப்படித்தான்.

கேள்வி கேட்பது வேறு. ஆட்டக்காரர்களை ஏசுவது வேறு. 2024 மே 5-ஆம் நாள் நம் ஃபைசால் ஹாலிம் மீது பேரங்காடி ஒன்றில் எவனோ எரிதிராவகம் வீசினான். அவ்வாண்டு சனவரியில்தான் ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியாவுக்கு எதிராகக் கோல் போட்டு நாட்டின் மானத்தைக் காத்தவர் அவர். தீக்காயங்களோடு பல அறுவைச் சிகிச்சை கண்டார். அதே ஆண்டிலேயே மறுபடியும் பூட்சைக் கட்டிக்கொண்டு திடலில் இறங்கினார். அவரைப் போன்றவர்கள் ஆடும் அணியைப் பார்த்து, ஒரு பந்தைத் தவறவிட்டதற்காகத் தாய் தகப்பனை இழுத்துத் திட்டுவது மனிதத் தன்மையா? நம் கோபம் போக வேண்டிய இடம் திடலன்று. திட்டம் போடுகிறவர்களின் மேசை.

அங்கே நாம் என்ன கேட்பது? ஒன்றை மட்டும் அழுத்திக் கேட்போம். அடுத்த ஆறுமுகம் எங்கிருந்து வருவான்?

ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் திடல் இருந்தது. மாலையில் பிள்ளைகள் வெறுங்காலோடு பந்து உதைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்தோடு பந்தயம்; கிராணி விசில் ஊதுவார், லயத்து மக்கள் எல்லாரும் கரையில் நிற்பார்கள். இப்போது நம் வட்டாரத்தில் ரப்பர் குறைந்து செம்பனை ஓங்கிவிட்டது. நிலம் கைமாறிய இடங்களில் வீடமைப்பு எழுந்தது. திடல்கள் பல மறைந்தன. ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் (அரசாங்கம் 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினாலும் நம் வாயில் பழைய பெயர்தான்) பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திடலும் இல்லை, தேர்வுக்கு அழைப்பாரும் இல்லை. இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் ஆதரவில் 2017-இல் பிரீமியர் லீக்கில் இறங்கிய மிஃபா அணி, பின்னர்ப் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை ஏறியது. 2022-க்குப் பிறகு அதுவும் விலகிக்கொண்டது. அந்தக் கதவும் சாத்தியாயிற்று.

ஆகையால் நாம் சொல்வது இதுதான். சிலாங்கூர் அணியினர் வடசிலாங்கூருக்கு ஆண்டுக்கொரு முறையாவது ஆள் அனுப்பிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கட்டும். பயிற்சியாளருக்குக் குறைந்தது மூன்று பருவம் கொடுக்கட்டும். தோட்ட நிலம் விற்பனைக்கு வரும்போது, கோயிலும் பள்ளியும் என்னாகும் என்று கேட்கிற நாம், திடல் என்னாகும் என்றும் சேர்த்துக் கேட்போம்.

சந்தாக் கட்டுகிற அங்கத்தினன் சங்கத்தைவிட்டு ஓடவும் மாட்டான். கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்காமல் இருக்கவும் மாட்டான். டிக்கெட்டுக்கு வெள்ளி கொடுக்கிற ரசிகனும் அப்படியே இருக்கட்டும்.

அடுத்த ஆட்டத்துக்கும் நாம் போகத்தான் போகிறோம். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து திரும்பி வீடு சேர நள்ளிரவு ஆகும்; விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். தம்பி, சிவப்பு மஞ்சள் துண்டு ஒன்று கூடுதலாக இருக்கிறது. வண்டியில் இடமும் இருக்கிறது. பெரியவரையும் கூட்டிக்கொண்டு வா.