விரைவும் பொறுமையும்

"நேரம் போதவில்லை" என்று குறைப்படாத இல்லம் இன்று அரிது. நாளுக்கு அறுபது நாழிகை என்பது எல்லோருக்கும் பொதுவே. அதைக் கையாளும் மனந்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. இதற்குச் சுந்தர காண்டம் நல்லதொரு பாடம்.

வால்மீகி முனிவர் காட்டும் ஆஞ்சநேயருக்கு அவகாசமே இல்லை. சுக்ரீவன் விதித்த ஒரு மாதக் கெடு முன்பே கடந்துவிட்டது. கடலின் நடுவே மைநாக மலை எழுந்து, இளைப்பாறிச் செல்லுமாறு உபசரிக்கிறது. அவர் அன்புடன் அதைக் கையால் தொட்டு, இடையில் தங்குவதில்லை என்று கூறி மேலே செல்கிறார்.

இலங்கையில் இரவெல்லாம் தேடியும் பிராட்டியைக் காணவில்லை. மனம் சோர்கிறது, உயிரை விட்டுவிடலாமா என்றுகூட எண்ணுகிறார். பிறகு தம்மைத் தேற்றிக்கொள்கிறார். அப்போதுதான், தேடாமல் விட்ட அசோகவனம் கண்ணில் படுகிறது! கலக்கத்தில் தோன்றாத வழி, தெளிவில் தோன்றியது.

அங்கே பிராட்டியைக் கண்டதும் அவர் கீழே குதித்துவிடவில்லை. இன்னும் இரண்டு மாதமே தவணை என்று ராவணன் மிரட்டுவதைக் கேட்ட பின்பும் சிம்சுபா மரத்திலேயே மறைந்திருந்து சிந்திக்கிறார். திடீரென எதிரில் தோன்றினால் அன்னை அஞ்சிக் குரலெழுப்புவாள், அரக்கியர் திரள்வர், போர் மூளும், வந்த காரியம் கெடும். ஆகவே ராமபிரானின் சரிதத்தை இனிய சொற்களால் மெல்லக் கூறத் தொடங்குகிறார்.

மைநாகத்தில் நிற்காதவர் மரத்தின்மேல் காத்திருந்தார். எங்கே விரைவது, எங்கே பொறுப்பது என்பதை உணர்த்தியது அமைதியுற்ற உள்ளமே.

நம் வீடுகளிலும் காலைப் பரபரப்பில் வீசிய ஒரு கடுஞ்சொல்லை ஆற்ற மாலை முழுவதும் போதாமல் போகிறது. முதிய தாயார் அழைக்கும்போது ஒரு கணம் நிற்பது தாமதம் அன்று. கைப்பேசியின் அழைப்புக்கெல்லாம் நின்றுவிடுவதே தாமதம்.

தரிசனம் முடிந்ததும் கோயிலில் சற்று அமர்ந்து செல்லும் வழக்கத்தைப் பெரியோர் நமக்கு வைத்துள்ளனர். அதைக் கடமைக்கு உட்கார்ந்து எழுவதாக ஆக்கிவிட வேண்டாம். கண்களை மூடி, மூச்சு சீராகும் வரை இறைவன் திருநாமத்தை நினையுங்கள். பின்னர், இன்றைய பணிகளுள் எது மைநாகம், எது சிம்சுபா மரம் என்று உள்ளத்தைக் கேளுங்கள். விடை கிடைத்தபின் எழுந்து செல்லுங்கள்.