உத்தியோகத்துக்கு யோக்கியதை எது?

நமது நாட்டில் ஒரு பெரிய உத்தியோகத்துக்கு ஆள் நியமிக்கப்பட்டார் என்ற செய்தி வந்தால், முதலில் கேட்கப்படுவது அவர் என்ன ஜாதி, யாருக்கு வேண்டியவர், யார் சிபார்சு என்பதுதான். அவருக்கு அந்த வேலை தெரியுமா என்ற கேள்வி கடைசியில் வரும். பெரும்பாலும் வருவதே இல்லை. இந்த வழக்கத்துக்கு மாறாகச் சமீப வருஷங்களில் நடந்த ஒரு காரியத்தைப் பற்றியும், அதிலிருந்து பொதுஜனங்கள் அறிய வேண்டியதைப் பற்றியும் இங்கு எழுத விரும்புகிறோம்.

மத்திய சர்க்காரில் ‘தேசிய சைபர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்’ என்று ஓர் உத்தியோகம் இருக்கிறது. கம்ப்யூட்டர், டெலிபோன், இன்டர்நெட் வழியாக ஆஸ்பத்திரி, பாங்கி, மின்சார நிலையம் முதலியவைகளுக்கு வரும் கேட்டைத் தடுப்பதற்காகப் பல இலாகாக்களையும் ஒன்று சேர்த்து நடத்துவது அவரது வேலை. 2015-ல் முதன்முதல் இதில் அமர்ந்தவர் குல்ஷன் ராய் என்ற விஞ்ஞானி. அவருக்குப் பின் வந்தவர் லெப்டினன்ட் ஜெனரல் ராஜேஷ் பந்த். 2023 ஜூலையில் பொறுப்பை ஏற்றவர் லெப்டினன்ட் ஜெனரல் எம்.யு. நாயர். இவ்விரு ஜெனரல்களும் ராணுவத்தின் சிக்னல் படையில், அதாவது செய்தித் தொடர்புப் படையில், ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர்கள்.

இது டில்லிச் சமாச்சாரம், திருப்பூருக்கு இதனால் என்ன என்று சிலர் கேட்கலாம். வெளிநாட்டு வியாபாரியின் ஈமெயில் முகவரியில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி, “எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இதற்கு அனுப்புங்கள்” என்று எழுதிவிட்டால், ஒரு பனியன் கம்பெனியின் ஒரு வருஷ லாபம் ஒரே நாளில் போய்விடும். நூல் வியாபாரத்தில் எல்லோருக்கும் பெயர் தெரிந்த லூதியானா வர்த்தமான் கம்பெனியின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் அவர்களையே 2024 ஆகஸ்டில் ஒரு கூட்டம் போனிலேயே ‘கைது’ செய்து, பொய்யாக ஒரு சுப்ரீம் கோர்ட்டையும் வீடியோவில் காட்டி, 7 கோடி ரூபாயைப் பறித்தது. அவ்வளவு பெரிய முதலாளிக்கே இந்தக் கதியென்றால், ஒரிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, கூலியைப் போனில் வாங்கிப் போனிலேயே ஊருக்கு அனுப்பும் தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு?

நமது முதலாளிமார்களோ ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு, அதன் பாஸ்வேர்டை மாத்திரம் 1, 2, 3, 4 என்றே வைத்திருக்கிறார்கள். திருடன் பூசணிக்காயைப் பார்த்துப் பயப்படுகிறவனாயிருந்தால் நமக்குப் போலீசே தேவையில்லை.

நிற்க, யோக்கியதை என்பதைத் திருப்பூர்க்காரருக்கு நாம் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஓவர்லாக் மிஷினுக்கு ஒரு டெய்லர் வேலை கேட்டு வந்தால், “உட்கார், ஒரு பீஸ் தைத்துக் காட்டு” என்கிறார்கள். தையல் நேராக வந்தால் வேலை, கோணினால் இல்லை. சாயப்பட்டறைக்கு மாஸ்டர் வைக்கிறவர் அவருடைய கோத்திரத்தைக் கேட்பதில்லை. ஷேடு சரியாக வருகிறதா என்று துணியைத்தான் பார்க்கிறார். ஒரு பீஸ் பனியனுக்கு இருக்கும் இந்த மரியாதை ஒரு தேசத்தின் நிர்வாகத்துக்கு இல்லாமல் போனது ஏன்? நேற்று ஒரு ஜில்லாவை ஆண்டவர் இன்று மீன் இலாகாவுக்கும், நாளை தந்தி இலாகாவுக்கும், மறுநாள் கோயில் இலாகாவுக்கும் தலைவராகிறார். ஒரு காலத்தில் ஒரு பரீட்சையில் தேறியதே சகல வித்தைக்கும் சர்ட்டிபிகேட்டாகிவிடுகிறது.

அப்படிப் பார்த்தால் மேற்படி இருவரின் நியமனம் சரியானதென்றே சொல்லுவோம். சிக்னல் படையின் வேலை என்ன? மலையிலும் பாலைவனத்திலும் தந்திக் கம்பி, ரேடியோ, சாட்டிலைட் ஆகியவைகளால் படைகளை இணைப்பது. நமது செய்தி எதிரியின் காதில் விழாமல் சங்கேதத்தில் மூடுவது. எதிரி கம்பியை அறுத்தால் அந்த நிமிஷமே வேறு வழி கண்டுபிடிப்பது. இன்று கம்ப்யூட்டர்களைக் காப்பதும் இதே வேலைதான், களம்தான் வேறு. பந்த் அவர்கள் மத்தியப் பிரதேசத்து மௌ நகரிலுள்ள ராணுவத் தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரிக்குத் தலைவராயிருந்தவர். டாக்டர் பட்டமும் பெற்றவர். நாயர் அவர்கள் சிக்னல் படை முழுவதற்கும் தலைமை அதிகாரியாயிருந்தவர். இவர்கள் பீஸ் தைத்துக் காட்டிவிட்டு வந்தவர்கள் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் நல்ல டெய்லரை அமர்த்திவிட்டு மிஷினுக்குக் கரண்ட் கொடுக்காமலிருந்தால் துணி தைக்கப்படுமா? 2015-ல் உண்டான இவ்வுத்தியோகத்துக்கு நெடுநாள் வரை பெயர் பெரிது, அதிகாரம் சிறிது. சைபர் பாதுகாப்பை ஒட்டுமொத்தமாக ஒருங்கிணைக்கும் பொறுப்பு இவர் வேலை பார்க்கும் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் செயலகத்துக்கே உரியது என்று சர்க்கார் விதிகளில் எழுதப்பட்டது 2024 செப்டம்பரில்தான். ஒன்பது வருஷம்! 2020 ஆகஸ்டு 15-ந் தேதி செங்கோட்டையில் பிரதம மந்திரி புதிய சைபர் பாதுகாப்புக் கொள்கை சீக்கிரம் வரும் என்றார். பந்த் அவர்கள் 2023-ல் விலகிய நாள் வரையில் அது வெளிவரவில்லை. 2013-ல் எழுதிய பழைய கொள்கையே நின்றது. இந்தக் குற்றம் வேலை தெரிந்தவர்மீதன்று, அவரை அமர்த்தினவர்கள்மீதுதான்.

இனி, மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ராணுவத்தில் செய்தியை மூடி வைப்பது ஒரு கடமை. அங்கே அது சரி. ஆனால் குடிகளுக்காக இருக்கும் உத்தியோகத்தில் வாய்மூடிக்கொண்டிருப்பதே தர்மமென்றால் அதை ஒப்புக்கொள்ள முடியாது. நமது கூடங்குளத்தில் நடந்ததைப் பாருங்கள். 2019 செப்டம்பர் 4-ந் தேதியே அங்குள்ள விஷயம் அணுமின் கழகத்துக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது. அக்டோபர் 29-ல், வெளியான செய்திகள் பொய் என்றும், அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு முறையில் எவரும் புக முடியாது என்றும் நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. மறுநாளே, நிர்வாக வேலைக்கான ஒரு கம்ப்யூட்டரில் கெட்ட நிரல் புகுந்தது உண்மைதான், உலையை இயக்கும் பகுதிக்கு அதனால் கேடில்லை என்று கழகம் ஒப்புக்கொண்டது. கேடில்லை என்பது உண்மையாயிருக்கலாம். அதை முதல் நாளே, ஏன், இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? 2022 நவம்பர் 23-ல் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் முடக்கப்பட்டு, நோயாளிகளின் சீட்டுகளை வெகுநாள் கையால் எழுதினார்கள். எதனால் நேர்ந்தது, யார் அஜாக்கிரதை என்பதைத் தெரிந்து கொள்ளும் பாத்தியதை அந்த நோயாளிகளுக்கு உண்டா இல்லையா? வரி கொடுக்கிறவனுக்குப் பதில் சொல்லத் தெரிவதும் பொது உத்தியோகத்துக்குரிய யோக்கியதையில் ஒரு பாகம் என்பதே நமது அபிப்பிராயம்.

இப்போது சிலர் துள்ளிக் குதித்து, “பார்த்தீர்களா, தகுதி திறமை என்று நாங்கள் சொன்னதைத்தானே நீங்களும் சொல்லுகிறீர்கள்” என்பார்கள். அவர்களுக்கு அதே சிக்னல் படையின் சரித்திரத்தையே பதிலாகக் கொடுக்கிறோம். 1911-ல் அப்படை உண்டாயிற்று. 1923-ல் வெள்ளைக்கார சர்க்கார் இந்திய அதிகாரிகளை எட்டுப் படைப்பிரிவுகளில் மாத்திரம் சேர்ப்பதென்று வைத்தது. அவ்வளவும் குதிரைப்படையும் காலாட்படையுமே. பீரங்கி, இஞ்சினீர், சிக்னல் ஆகிய மூளை வேலைப் படைகளில் இந்தியனுக்கு இடமில்லை. 1932-ல் டேராடூனில் ராணுவக் கல்லூரி திறந்த பிறகே கதவு சற்று நகர்ந்தது. 1954-ல் அதே சிக்னல் படைக்கு ஏ.சி. ஐயப்பா என்ற இந்தியர் தலைமை அதிகாரியானார். பின்னர் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் நிர்வாகத்தையும் நடத்தினார். 1923-ல் இல்லாத மூளை 1954-க்குள் ஆகாயத்திலிருந்தா விழுந்தது? கதவைத் திறந்தார்கள், கற்றுக் கொடுத்தார்கள், திறமை வந்தது. இவ்வளவுதான் சங்கதி.

அந்தக் கதவு இன்று எல்லோருக்கும் திறந்திருக்கிறதா? ராணுவ அதிகாரிகளாவதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் சைனிக் பள்ளி நமது திருப்பூர் ஜில்லா அமராவதி நகரிலேயே 1962 முதல் இருக்கிறது. இப்பள்ளிகளில் பிற்பட்ட வகுப்பாருக்கு 27 சதவிகித இடம் கிடைத்தது 2021-22-ம் வருஷத்தில்தான். பெண் குழந்தைகளை எல்லாச் சைனிக் பள்ளிகளிலும் சேர்த்ததும் அதே வருஷத்தில்தான். சிக்னல் உள்ளிட்ட படைகளில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தர உத்தியோகம் வேண்டுமென்று வழக்காடியபோது, கிராமத்துச் சிப்பாய்கள் பெண்ணின் உத்தரவை ஏற்கப் பழகவில்லை என்று சர்க்காரே வாதாடிற்று. 2020 பிப்ரவரி 17-ல் சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தைத் தள்ளிற்று. 2024 ஆகஸ்டில் ‘நிபுணர்கள்’ என்ற பெயரால் 45 மேல் உத்தியோகங்களுக்கு இடஒதுக்கீடில்லாமல் விளம்பரம் செய்து, எதிர்ப்பு வந்ததும் மூன்றே நாளில் வாபஸ் வாங்கினார்கள். கதவை ஒரு கையால் மூடிக்கொண்டு, மறு கையால் “உள்ளே வர ஒருவருக்கும் தகுதியில்லையே” என்று மாரடிப்பது சுத்தப் பித்தலாட்டமாகும்.

ஆகவே, வேலை தெரிந்தவருக்கே வேலை என்ற கொள்கையை ஓர் உத்தியோகத்தில் கைக்கொண்ட சர்க்கார், அதை மற்ற உத்தியோகங்களிலும் கைக்கொள்ளட்டும். அமர்த்தினவருக்கு அதிகாரத்தைக் கொடுக்கட்டும். அவர் ஜனங்களுக்குப் பதில் சொல்லும்படி செய்யட்டும். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும் தாயின் மகளும் நாளை சிக்னல் படைக்குத் தலைமை தாங்கும்படி பள்ளிக் கதவைத் திறக்கட்டும். தோழர்களே! உங்கள் பிள்ளைகளின் ஜாதகத்தை அலமாரியில் பத்திரப்படுத்துவதை விட்டு, சைனிக் பள்ளியின் விண்ணப்பத்தை வாங்கிப் பூர்த்தி செய்யுங்கள். அதில் நட்சத்திரம் எழுத இடமில்லை என்பதையும் கவனியுங்கள்.