எடைக்குப் போகும் ஏடுகள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வழக்கு. தொழில்நுட்பம் பயிலும் நாம் இதைச் சற்று மிகையாகவே நம்பிவிட்டோம். பட்டறை இருந்தால் போதும், ஏடு எதற்கு என்கிறோம். ஆனால் ஏடே தொலைந்துவிட்டால் சுரை விதைக்கு எங்கே போவது? இந்தக் கேள்வியைத் தமிழ் மாணவ நண்பர்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு, படிப்பின் ஒரு பகுதியாக, 'பல்ஸ் ஜெட்' எனப்படும் துடிப்புத் தாரைப் பொறியைப் பற்றி ஓர் அறிக்கை எழுத நேர்ந்தது. அது பார்வைக்கு மிக எளிய பொறி. நீண்ட இரும்புக் குழாய் ஒன்று; அதன் தலைப்பில் மெல்லிய தகடுகளாலான கதவுகள். உள்ளே எரிபொருளும் காற்றும் கலந்து பற்றிக்கொள்கின்றன. அழுத்தம் ஏறுகிறது, கதவுகள் அடைபடுகின்றன, வெந்த வாயு வால் வழியே சீறிப் பாய்கிறது. பாய்ந்த வேகத்தில் உள்ளே அழுத்தம் தாழ்கிறது, கதவுகள் திறக்கின்றன, புதுக் காற்று நுழைகிறது, மறுபடியும் தீப் பற்றுகிறது. மூச்சை வாங்குவதும் விடுவதும் போன்ற செயல்தான். 1944 ஜூன் 13 முதல் லண்டன் மீது விழுந்த ஜெர்மானிய வி-1 பறக்கும் குண்டுகளில் இருந்த ஆர்கஸ் பொறி, நொடிக்கு ஏறத்தாழ 45 முறை இவ்வாறு துடித்தது. அதன் உறுமலைக் கேட்டே மக்கள் பதுங்கு குழிகளுக்கு ஓடினர்.

சுழலும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத இந்தப் பொறியைப் பற்றிப் படிக்க நூல் தேடினேன். அப்போதுதான் தெரிந்தது, பொறியைவிட அதன் இலக்கியமே சிக்கலானது என்று.

1906இல் கரவோதின் என்ற ருஷ்யப் பொறியாளர் இதற்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளுக்குள் மார்க்கொனே என்ற பிரெஞ்சுக்காரர் கதவே இல்லாத வடிவம் ஒன்றை வரைந்தார். 1930களில் மியூனிக்கில் பால் ஷ்மிட் இதையே வளர்த்தார். போருக்குப் பின் பிரான்சிலும் அமெரிக்காவிலும் பலர் இதில் உழைத்தனர். ரெய்ன்ஸ்ட் என்பவர் தம் வாழ்நாளையே இதற்குச் செலவிட்டார். ஆனால் இவர்கள் எழுதியவை எல்லாம் ஓரிடத்தில் இல்லை. சில காப்புரிமைப் பத்திரங்கள்; சில போர்க்கால இரகசிய அறிக்கைகள்; சில தட்டச்சில் சில படிகள் மட்டுமே எடுக்கப்பட்டவை. ரெய்ன்ஸ்டின் எழுத்துக்களைத் திரட்டி 1961இல் திரிங் என்ற ஆங்கிலப் பேராசிரியர் பதிப்பித்தார். அந்த ஒரு தொகுப்பு வந்திராவிட்டால் அவருடைய உழைப்பில் எவ்வளவு நமக்கு எட்டியிருக்கும்? 1971இல் ஷெஃபீல்டு நகரில் துடித்தெரிதலுக்கென்றே முதல் உலகக் கருத்தரங்கு கூடியது. அதன் கட்டுரைத் தொகுதியைக் கண்ணால் கண்ட மாணவர் நம்மில் எத்தனை பேர்?

இன்னொரு தொல்லை, பெயர். ஜெர்மானியர் இதை 'ஷ்மிட் குழாய்' என்றனர். பிரெஞ்சுக்காரர் 'புல்சோரியாக்தர்' என்றனர். அமெரிக்கர் சில வேளை 'விட்டுவிட்டு இயங்கும் ஜெட்' என்றனர். வீட்டுக் கணப்பு செய்தவர்களோ 'துடிப்பு எரிகலம்' என்றனர். ஏவுகணைக்காரர் எழுதியதைக் கணப்புக்காரர் படிக்கவில்லை. கணப்புக்காரர் எழுதியதை ஏவுகணைக்காரர் மதிக்கவில்லை. ஒரே பொருளை நான்கு பெயரில் தேடத் தெரியாதவனுக்கு நான்கில் மூன்று பங்கு கிடைக்காமலே போகும்.

தேடித் தேடி ஒரு நூல் நிலையத்தின் பழைய அட்டையில் ரெய்ன்ஸ்டின் நூற்பெயரைக் கண்டேன். மகிழ்ச்சியோடு அலமாரிக்கு ஓடினேன். நூல் இல்லை. பணியாளர் வருத்தத்தோடு சொன்னார்: "முப்பது வருஷமா யாரும் எடுக்கலை தம்பி. இடம் போதலைன்னு போன தடவை கழிச்சப்போ பழைய பத்திரிகைகளோட எடைக்குப் போயிடுச்சு."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இடமும் பணமும் இல்லாத நிலையில் அவர் என்ன செய்வார்? முப்பது ஆண்டுகளாகக் கேளாமலிருந்த நம்மேல்தான் என் கோபம்.

"பழைய நூல் போனால் போகட்டும், புதியது வருமே" என்று சில நண்பர்கள் சொல்லக்கூடும். நான் உடன்படமாட்டேன். அழுத்தம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் வெப்பத்தைச் சேர்த்தால் அதிர்வு வளரும். தாழ்ந்திருக்கும் கணத்தில் சேர்த்தால் அடங்கும். இதைச் சொன்னவர் ராலே, ஆண்டு 1878. துடிப்புப் பொறி துடிப்பது இதனால்தான். துடிக்கக் கூடாத பொறி துடித்துச் சிதறுவதும் இதனால்தான். சந்திரனுக்கு மனிதரை ஏற்றிச் சென்ற சாட்டர்ன்-5இன் எஃப்-1 இயந்திரத்தில் இந்த அதிர்வை அடக்க, 1960களில் ஏறத்தாழ 2,000 முழு அளவுச் சோதனைகள் வேண்டியிருந்தன. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜித் குழுவினர் ஆராய்ந்துவருவதும் இதே அதிர்வைத்தான். அவரும் சமாதான் பவாரும் எழுதிய நூல் 2021இல் வெளிவந்தது. அந்தப் புதிய ஆராய்ச்சியின் வேரும் 1878இன் ஏட்டிலேதான் இருக்கிறது.

போரும் விண்வெளியும் மட்டுமல்ல. 1980களில் அமெரிக்க வீடுகளில் இதே துடிப்பு முறையில் இயங்கும் கணப்புகள் வந்தன. எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வீட்டுக்குப் பயன்பட்டது. உணவுப் பொருள்களை உலர்த்தவும் இம்முறை கையாளப்படுகிறது. 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள இந்த மைசூரில் வாழும் நமக்கு, இது அயலார் விஷயமா?

ஏட்டைக் காப்பதன் அருமையை இந்த ஊரே நமக்குக் கற்பிக்கிறது. 1891இல் இங்கே கீழ்த்திசை நூல் நிலையம் தொடங்கப்பெற்றது. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் ஓர் ஓலைச்சுவடியைக் கொணர்ந்து அங்கே ஒப்படைத்தார். அதை 1905இல் சாமசாஸ்திரியார் பிரித்துப் படித்தார். அதுதான் கௌடில்யரின் அர்த்தசாத்திரம்! பெயர் மட்டும் தெரிந்திருந்த நூல், 1909இல் அச்சேறியது. 1915இல் ஆங்கிலத்திலும் வந்தது. அரசியல் நூல் என்று நாம் சொன்னாலும், சுரங்கம், உலோகம், நிறுத்தலளவை, கப்பல், யானை என்று அக்காலத் தொழில்நுட்பம் அதில் நிறைந்திருக்கிறது. அந்தப் பண்டிதர் சுவடியை அடுப்பில் இட்டிருந்தால்? சாஸ்திரியார் கட்டை அவிழ்க்காமலே வைத்திருந்தால்? கொடுத்தவர் ஒருவர், படித்தவர் ஒருவர். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் நூல் இல்லை. நம் உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து சுவடி தேடியதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டு ராக்கெட்டையே பாருங்கள். 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கும்பினிப் படையைக் கலங்கடித்த ஆயுதம் அது. 2018இல் ஷிவமொக்கா மாவட்டத்து நகராவில், வற்றிய கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட ராக்கெட்டுகள் கிடைத்தன. கிடைத்தது நற்பேறே. ஆனால் இரும்புக் குழாய் தானே பேசாது. அதன் கதையை ஏடுதான் பேச வேண்டும். அந்தக் கதையை விஞ்ஞானக் கண்ணோடு எழுதியவர் ரோடம் நரசிம்மா. 1985இல் அது பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடத்தின் அறிக்கையாக வந்தது. அறிக்கை! எடைக்குப் போவதில் முதலாவதாகப் போகும் இனம் அதுதான்.

"இணையத்தில் எல்லாம் இருக்கிறதே" என்பது அடுத்த வாதம். பாதி உண்மை. அமெரிக்க விமான ஆலோசனைக் குழுவின் பழைய அறிக்கைகள் பல இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. காப்புரிமைப் பத்திரங்களும் கிடைக்கின்றன. நன்றியோடு எடுத்துக்கொள்வோம். ஆனால் பதிப்புரிமை தீராத, மறுபதிப்பும் காணாத நூல்கள் பல இன்னும் அலமாரியில் மட்டுமே வாழ்கின்றன. இணையத்தில் இருப்பதையும் பழைய பெயர் அறிந்தவனே கண்டெடுக்கிறான்.

ஆகவே நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, சங்க அறையில் ஒரு தேடல் ஏடு. அரிய தொழில்நுட்ப நூலையோ அறிக்கையையோ எவர் எங்கே கண்டாலும், பெயர், ஆண்டு, இருக்கும் இடம் மூன்றையும் அதில் குறிக்கட்டும். அதன் மாற்றுப் பெயர்களையும் சேர்த்தே குறிக்கட்டும். இரண்டாவது, நூல்களைக் கழிப்பதற்கு முன் பட்டியலை ஒரு மாதம் வெளியிடும்படி நூல் நிலையங்களைக் கேட்போம். பட்டியலைச் சரிபார்க்க நாமே ஆள் தருவோம். மூன்றாவது, தேடிப் படித்ததைத் தமிழில் நான்கு பக்கம் எழுதுவோம். துடித்தெரிதலைப் பற்றிய முதல் நான்கு பக்கங்களை நான் எழுதத் தொடங்கிவிட்டேன்.

நண்பர்களே, தஞ்சைப் பண்டிதரைப் போல் கொண்டுவந்து கொடுக்க நம்மால் முடியாமற் போகலாம். சாஸ்திரியாரைப் போல் படித்துச் சொல்லும் புலமையும் வாய்க்காமற் போகலாம். ஆனால் ஒரு நூல் நிலையத்தில் நுழைந்து, முப்பது ஆண்டுகளாக எவரும் கேளாத ஒரு நூலைக் கேட்க நம் ஒவ்வொருவராலும் முடியும். கேட்கப்படும் நூல் எடைக்குப் போகாது. இந்த வாரமே ஒன்றைக் கேளுங்கள்.