கம்பெனி அறிக்கையில் நம்ம மலைச்சரிவு எங்கே?

 

கொஞ்சம் நீளமான பதிவு. தோட்டத்தில் இருப்பவர்களும் டவுனில் கடை வைத்திருப்பவர்களும் பொறுமையாக வாசிக்கவும். தோட்டத்தில் சம்பளம் போட்டால்தான் ஹட்டன், தலவாக்கலை கடைத்தெருவில் வியாபாரம். ஆகவே இது எல்லோருடைய விஷயமும்தான்.

நம்ம தோட்டங்களை நடத்தும் கம்பெனிகளில் பல, கொழும்பு பங்குச் சந்தையில் பதிவானவை. வருடாவருடம் அவை வெளியிடும் ஆண்டறிக்கையை இணையத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். அதில் இப்போது ‘ஈ.எஸ்.ஜி.’ என்று ஒரு பெரிய பகுதி வருகிறது. சூழல், சமூகம், ஆளுகை என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லும் சுருக்கம் அது. மண், ஆறு, காடு எல்லாம் சூழல். உழைப்பவரும் குடும்பமும் சமூகம். யார் முடிவெடுக்கிறார், யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது ஆளுகை.

பக்கம் பக்கமாக நம்மைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். “எல்லாம் கலர் படம் போட்ட பொய்” என்று தள்ளிவிடுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த அறிக்கை முதலீட்டாளருக்கும் வெளிநாட்டில் தேயிலை வாங்குபவருக்கும் போகிறது. எழுத்தில் கொடுத்த வாக்கைப் பிடித்துக் கேள்வி கேட்கலாம். வாசிக்காமல் எப்படிக் கேட்பது?

வாசிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆபத்து’ என்று எழுதியிருக்கிறதே, அது யாருக்கு ஆபத்து?

இதற்கு இரண்டு வகையான விதிகள் உண்டு. ஜி.ஆர்.ஐ. என்ற விதிமுறை, கம்பெனியால் மக்களுக்கும் மண்ணுக்கும் என்ன நேர்கிறது என்று கேட்கிறது. 2023 ஜூனில் வெளியான ஐ.எஃப்.ஆர்.எஸ். எஸ்2 விதி, காலநிலை மாற்றத்தால் கம்பெனியின் வருமானத்துக்கு என்ன நேரும் என்று கேட்கிறது. இலங்கையில் இந்த இரண்டாவது விதிதான் 2025 முதல் பெரிய கம்பெனிகளிலிருந்து படிப்படியாகக் கட்டாயமாகிறது. மழை கூடினால் கொழுந்து குறையும் என்று எழுதிவிட்டு நிறுத்தினால், லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு அந்தக் கணக்கில் வராமலே போகலாம்.

கொஸ்லாந்தை மீரியாபெத்தையை மறக்க முடியுமா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. காகிதத்தில் இருந்த எச்சரிக்கை ஆட்களை இடம் மாற்றவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகம் பட்ட பாடும் நமக்குத் தெரியும். ஆகவே எந்தத் தோட்டம், எந்த டிவிசன், ஆபத்தான சரிவில் எத்தனை குடும்பம், எப்போது மாற்றுவார்கள் என்ற நான்கும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது சராசரி. அறிக்கையில் வருவது பெரும்பாலும் கம்பெனி முழுவதற்குமான தொகைதான். மேல் டிவிசனில் பைப் தண்ணீர், கீழ் டிவிசனில் பீலித் தண்ணீர் என்பது அதில் தெரியாது. சம்பளமும் அப்படித்தான். 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று நாட்சம்பளத்துக்கு வர்த்தமானி வந்தது. கிலோ குறைந்தால் அரைப்பேர். மாதத்தில் எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர் விழுந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அடுப்பெரிகிற கணக்குத் தெரியும். அளவை நிறுவையில் மோசடி செய்வோரின் பெயரிலேயே அல்குர்ஆனில் ஒரு ஸூரா இருக்கிறது. தராசு எவ்வளவு பெரிய விஷயம் என்று அதிலேயே விளங்கும்.

குளவிக் கொட்டையும் பாருங்கள். வேலைத்தள விபத்துகளை எழுதும்போது, நிரந்தரத் தொழிலாளி அல்லாத, ஆனால் கம்பெனியின் கட்டுப்பாட்டில் வேலை செய்பவர்களையும் சேர்க்கும்படி ஜி.ஆர்.ஐ. சொல்கிறது. மலையைப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை வாங்கும் முறை பரவிவரும் காலத்தில், அந்த மலையில் குளவி கொட்டினால் அது யாருடைய கணக்கில் விழுகிறது?

பிள்ளைக் காம்பரா, தாய்மாருக்கான கிளினிக், கட்டிக் கொடுத்த வீடு என்று செய்ததையும் அறிக்கைகள் எழுதுகின்றன. செய்ததைச் செய்தது என்று நாமும் ஏற்றுக்கொள்வோம். செய்யாததைக் கேட்கும்போது நம்ம சொல்லுக்கும் அப்போதுதான் மதிப்பிருக்கும்.

கடைசியாக ஆளுகை. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளிடம் போனபோது அரசு முழுதாகக் கைகழுவவில்லை. ‘தங்கப் பங்கு’ என்ற ஒன்று திறைசேரிச் செயலாளரிடம் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 60 நாளுக்குள் கம்பெனி அவருக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அறிக்கைகளை நாம் திறைசேரியிடம் கேட்டு எழுதலாம். வியாபார இரகசியம் என்று மறுத்தால் மேன்முறையீடு செய்ய வழியிருக்கிறது.

தொழிற்சங்கத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். சந்தா வாங்குகிற நீங்கள், ஒவ்வொரு தோட்டத்துக்கும் தமிழில் ஒரு பக்கச் சுருக்கத்தைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கிப் பிரட்டுக்களத்தில் ஒட்டச் செய்யுங்கள். உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் பிள்ளைகள் நம் தோட்டங்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்த அறிக்கையைக் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்த பெருமழைக்கு முன் முதலில் கேட்க வேண்டியது அந்தச் சரிவுக் கணக்கைத்தான். உங்கள் தோட்டத்தில் எத்தனை குடும்பம் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.